புக்கில் ஒரு ஜீப், ரோட்டில் ஒரு ஜீப்

ஜீப்பின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், குத்தியிருக்கும் நம்பரைத் தாளில் எடுப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். டீசல் நனைத்த துணியால் அந்த இடத்தின் மண்ணையும் கிரீஸையும் முதலில் துடைக்க வேண்டும். அப்புறம் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. அழுத்தித் தேய்த்தால் துருவோடு நம்பரும் போய்விடும். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டிவைத்து, பென்சிலைப் படுக்கவைத்தாற்போல் பிடித்து வருடினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். என் ஜீப்புக்கு முதல் தடவை எடுத்தபோது நடுவில் ஒரு எண் மட்டும் வரவே இல்லை. மூன்றா, எட்டா? ஒர்க்‌ஷாப் ஆசான் வண்டிக்கு அடியில் படுத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “எட்டுதான் தம்பி, இடது பக்கம் மூடியிருக்கு” என்றார். அடுத்த தாளில் எட்டு வந்தது.

பழைய வண்டியைச் சரிபார்த்துச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டும் இந்த மொத்த வேலைக்கும் கம்பத்தில் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுவது என்று பெயர். மலையேறிக் கேரளத்துக் குமுளிக்கு வந்தால் அதுவே டெஸ்ட். கீழே மோட்டார் வாகன ஆய்வாளரைப் பழைய ஆட்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறார்கள். மேலே மலையாளத்தில் வண்டியின் ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘புக்கும் பேப்பரும்’ என்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சோதனை என்னவென்று பாதி புரிந்துவிடும். வண்டி நிற்குமா என்பது ஒரு கேள்வி. புக்கில், அதாவது பதிவுப் புத்தகத்தில், எழுதியிருக்கும் வண்டிதானா இது என்பது இன்னொன்று. ஏலத்தோட்டச் சேற்றில் ஃபோர் வீல் போட்டு, நாலு சக்கரமும் இழுக்க, எத்தனை மூட்டையோடு ஏறும் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

என் அனுபவத்தில் பழைய ஜீப் வயதால் தோற்பது குறைவு. முப்பது வருடமாகக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொருவரும் அதற்குச் செய்த நல்ல காரியங்களால்தான் பெரும்பாலும் தோற்கிறது.

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கேயே பலருக்குக் குழப்பம். வெள்ளை போர்டுக்கும் மஞ்சள் போர்டுக்கும் கணக்கு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அது முடிந்ததும் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். முடிகிற தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு ஜீப்புக்குத் தகுதிச் சான்றுதான் உயிர். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடாவருடம். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஆள் ஏற்றும் ஜீப்புகள் இந்த வகையில் வரும். கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது, அதற்கு வண்டிப்பாதை கேரளத்திலிருந்து போகிறது என்பது இந்த எல்லையின் வினோதங்களில் ஒன்று.

15 வருடத்தோடு ஜீப்பின் ஆயுள் முடிந்தது, உடைக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது டெல்லி வட்டாரத்துச் செய்தியைக் கேட்ட பயம். டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற பேச்சு அங்கே காற்று மாசு வழக்குகளில் கிளம்பியது. நம் பக்கத்துத் தனியார் வண்டிக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது. அரசு வண்டிகளுக்குத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று விதி வந்தது. அதனால் முன்புபோல் ஏதாவது ஒரு துறை ஏலத்தில் விட்ட கிழட்டு ஜீப்பை எடுத்து ஒக்கிட்டு ஓட்டலாம் என்ற ஆசைக்கு இனி இடமில்லை.

இந்த மலையில் ஏன் இத்தனை பழைய ஜீப் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். விடிவதற்கு முன்னால் கம்பம்மெட்டிலோ போடிமெட்டிலோ போய் நின்றால் பதில் கிடைக்கும். கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஆட்களை வண்டன்மேடு, உடும்பஞ்சோலைத் தோட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்புகள் ஏறும். மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் பிரியும் மண்பாதையில் பஸ் வராது, காரும் வராது. மகிந்திரா எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று எந்தப் பேரில் வந்தாலும் அடியில் கிட்டத்தட்ட அதே பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்து வடிவம்தான். ஏணி போன்ற சேசிஸ், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், வளையாத ஆக்சில். எந்தப் பாகம் போனாலும் நெடுங்கண்டத்திலோ கம்பத்திலோ பழைய சாமான் கடையில் கிடைக்கும். சாமான் இப்படிக் கிடைப்பதுதான் டெஸ்ட் நாளில் பிரச்சினையாகவும் வந்து நிற்கிறது.

என் கதையையே சொல்கிறேன். நான் வாங்கியது 1994 மாடல் எம்எம் 540, கேஎல் 6 என்று இடுக்கி நம்பர். 2012-இல் ஒரு ஏலத்தோட்டக்காரரிடமிருந்து கைக்கு வந்தது. 2014-இல் பதிவு புதுப்பிக்க வேண்டிய வருடம். பிரேக்குக்குப் புது லைனிங் போட்டு, டயர் மாற்றி, மாப்பிள்ளை மாதிரி கழுவிக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆய்வாளர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. புக்கைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி புக்கைப் பார்த்தார். “நிறம் நீலம்னு இருக்கே?” வண்டி பச்சை. எனக்கு முந்தின கைக்கு முந்தின கை எவரோ அடித்த பச்சை. அதிலும் சும்மா பச்சை இல்லை, பட்டாளத்துப் பச்சை. பானட்டைத் திறக்கச் சொன்னார். புக்கில் 2112 சிசி. உள்ளே உட்கார்ந்திருந்தது 2523 சிசி டிஐ எஞ்சின். புக்கில் தார்ப்பாய்க் கூரை, மேலே இருந்தது தகரக் கூரை. ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்தான். இப்போது யோசித்தால், அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

பட்டாளத்துப் பச்சை விஷயம் ஜீப் பிரியர்கள் பலருக்குத் தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. மற்ற நிறம் என்றால் மாற்றிக்கொண்டு புக்கில் ஏற்றிக்கொள்ளலாம். இந்த நிறத்தைப் புக்கில் ஏற்றவே வழியில்லை. டிங்கரிங் முடித்து அழகாகப் பட்டாளத்துப் பச்சை அடித்து, பானட்டில் வெள்ளை நட்சத்திரமும் வரைந்து வைத்திருக்கும் வண்டியைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் செலவுக் கணக்குத்தான் கண்ணில் தெரிகிறது.

எஞ்சின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். 540-இல் வந்த 2112 சிசி டீசல் எஞ்சின் கெட்டது இல்லை, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பொலிரோவில் வந்த டிஐ எஞ்சின் பழைய சாமானாகத் தாராளமாகக் கிடைத்ததும் ஆளாளுக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். சட்டத்தில் 52-ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி, வாங்கின பில், பழைய எஞ்சின் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பதில், எல்லாம் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாக வாசித்துத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான். அதற்குப் பிறகு கூடுதல் அகல டயர், வெளியே துருத்தும் வீல், முன்னால் இரும்புக் கம்பி பம்பர், கூரையில் வரிசை விளக்கு என்று எதைப் பார்த்தாலும் கேரள மோட்டார் வாகனத் துறையின் கை அரிக்கும். காட்டுப்பாதைக்கு இதெல்லாம் தேவைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். டெஸ்டுக்குப் போகும் அன்று கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவதே புத்தி.

நான் என்ன செய்தேன்? நீலம் அடித்தேன். தகரக் கூரையைக் கழற்றி, கம்பத்தில் அளவு கொடுத்துத் தார்ப்பாய் தைத்துப் போட்டேன். எஞ்சினுக்கு மட்டும் ஐந்து மாதம் அலைந்தேன். கடைசியில் ஆசான்தான் பழைய 2112 எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை ரீபோர் செய்து வைத்தார். எஞ்சின் நம்பர் மாறியதால் அதையும் முறைப்படி புக்கில் ஏற்ற வேண்டியிருந்தது. கடையில் பில்லை நச்சரித்து வாங்கி வைத்தது அன்றைக்குத்தான் கை கொடுத்தது. ஏற்றத்தில் இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. போகட்டும்.

சரி, புக் ஒத்துப்போய்விட்டது. இனி நிற்குமா என்ற கேள்வி.

இந்த வயது ஜீப்புகளில் பலவற்றுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். லைனிங் புதிதாக இருந்தும் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வழவழப்பாக, கெட்டியான ஒரு வாடையோடு கறுப்பாக வரும். அது பிரேக் ஆயில் இல்லை, கியர் ஆயில். ஆக்சில் முனையில் இருக்கும் ஆயில் சீல் வயதாகி உதடு தேய்ந்தால், ஆக்சில் நடுவே உள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருக்கும் எண்ணெய் ஆக்சில் வழியே நடந்து வந்து பிரேக் சூவை நனைத்துவிடும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டு மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இறக்கம் இறங்கினால் பழைய கதைதான். சீலை மாற்றி, லைனிங்கை மாற்றி, அப்புறம் டிஃபரன்ஷியல் மேல் இருக்கும் காற்றுத்துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்துச் சேறு அந்தத் துளையை அடைத்துவிட்டால், ஓடி ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி, எண்ணெயைப் புது சீல் வழியாகவும் வெளியே தள்ளும்.

ஹேண்ட் பிரேக் இன்னொரு கண்ணி. பழைய வில்லிஸ் அமைப்பில் அது சக்கரத்தில் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் தனியாக ஒரு சின்ன டிரம் வைத்து அதைப் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் ஒழுகினால் நேரே அதன் மேல்தான் விழும். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடச் சொன்னால் ஜீப் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பிக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்தே முப்பது வருடம் பழகிவிட்டதால் ஓட்டுகிறவருக்கு இது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு விதியில் ஒரு அளவு இருக்கிறது: 30 டிகிரி. ஸ்டியரிங்கைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் இருக்கும் கையை ஒன்றுக்குக் கொண்டுபோனால் 30 டிகிரி. அதற்குள் முன் சக்கரம் அசைய ஆரம்பித்துவிட வேண்டும். நான் வாங்கும்போது என் ஜீப்பில் கை இரண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குற்றம் ஒரு இடத்தில் இருக்காது. ஸ்டியரிங் பாக்ஸில் கொஞ்சம், டை ராடு முனைகளில் கொஞ்சம், கிங் பின் பேரிங்கில் கொஞ்சம். ஸ்டியரிங் பாக்ஸை மட்டும் இறுக்கிவிட்டால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் வளைவில் திருப்பினால் தானாக நேராகாது. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் அது பொல்லாத வேலை. கீழே தொடங்கி, கிங் பின்னை முதலில் சரிசெய்து, மேலே ஏறி வருவதுதான் முறை.

2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வந்த பிறகு, வாடகை வண்டிகளின் சோதனை மெல்ல மெல்ல இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சக்கரத்தை உருளை மேல் நிறுத்தி, ஒவ்வொரு பக்கமும் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாகவே எடுத்துவிடும். ஃபோர் வீல் வண்டிக்காரர் இங்கே ஒரு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். உருளையில் ஏறும் முன்னால் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தில் திருகும் ஹப் இருந்தால் அதையும் விடுவித்துவிடுங்கள். ஃபோர் வீலில் இருந்தால் முன்னும் பின்னும் ஷாஃப்ட் வழியாகப் பூட்டிக்கொண்டிருக்கும். உருளை பின் சக்கரத்தைச் சுற்றும்போது முன் சக்கரமும் சுற்றப் பார்க்கும். ஒன்று வண்டி உருளையை விட்டு எகிறும், இல்லையென்றால் கணக்குத் தப்பாக வரும்.

மற்ற சில்லறைகள் சொல்லித் தீராது. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து எத்தனையோ வருடமாகியிருக்கும். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். 1994 மார்ச்சுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் முன் சீட்டுக்கு பெல்ட் வேண்டும். பெல்ட் இன்னொரு வழியிலும் கழுத்தைப் பிடிக்கும். 2023 ஜூனில் கேரளம் முழுக்க 726 கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். எங்கேயோ பெல்ட் போடாமல் போன அபராதம் நிலுவையில் கிடக்கும், பதிவு புதுப்பிக்க உட்காரும்போது கணினி அதைத் தூக்கிக் காட்டும்.

புகைக்கு வருவோம். பிஎஸ் 4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வண்டி நின்ற நிலையில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து எடுக்கும் அளவு அது. இதில் எல்லைவாசிகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருக்கிறது. கம்பத்தில் பாஸாகும் ஜீப் மூணாறில் தோற்கலாம். மூணாறு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குள் பம்ப் அதே அளவு டீசலைத்தான் தள்ளும், எரிக்கக் காற்றுதான் குறைவு. எரியாத மிச்சம் கறுப்பாக வெளியே வரும். ஆகவே பம்ப் கடையில் டீசலைக் கொஞ்சம் குறைத்து வைப்பது, நாசில் நாலையும் சோதிப்பது, ஏர் ஃபில்டரைக் கழுவுவது, எல்லாவற்றுக்கும் மேல் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு குழாயை விடச் சொல்வது. வீட்டுக்குப் பக்கத்திலேயே புகைக் கடை இருப்பவர்கள் குளிர்ந்த எஞ்சினோடு போய்த் தோற்பார்கள். பத்துக் கிலோமீட்டர் ஏறி வருகிறவர் பாஸாகிவிடுவார்.

எல்லை என்றாலே இன்னொரு தலைவலி, நம்பர் பிளேட். குமுளியில் குடியிருக்கும் எத்தனையோ பேரின் ஜீப்பில் மதுரை நம்பர் இருக்கும். 1996-இல்தானே தேனி தனி மாவட்டமானது, அதற்கு முன் வாங்கின வண்டிக்கு மதுரை நம்பர்தான். வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, இங்கே வரி, மறுபடி ஒரு சோதனை. எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்குச் சோம்பி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கிக் கம்பத்து உறவினர் வீட்டு விலாசத்திலேயே எஃப்சி காட்டிவந்தார். வரி எந்த மாநிலத்துக்கு என்ற கேள்வி ஒருநாள் செக்போஸ்ட்டில் வந்தது. வண்டி நாலு நாள் அங்கேயே நின்றது.

காசு விஷயம். மத்திய விதிப்படி கார், ஜீப் வகையின் பதிவைப் புதுப்பிக்க முன்பெல்லாம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 10,000 என்று வந்துவிட்டது. தேதி தவறினால் மாதத்துக்கு 500 கூடுதல். இதோடு ஐந்து வருட வரி, பசுமை வரி, இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப் செலவு. கிழட்டு வண்டிகளை மக்கள் தாங்களாகவே உடைக்கக் கொடுக்கட்டும் என்பதுதான் இந்த ஏற்றத்தின் நோக்கம். அதை யாரும் மறைக்கவும் இல்லை. நகரத்தில் சும்மா நிற்கும் காருக்கு அது நியாயமாகக்கூட இருக்கலாம். தோட்டத்துக்குள் வேறெந்த வண்டியும் போகாத இடத்தில், ஃபோர் வீல் உள்ள புது வண்டிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுக்க முடியாதவருக்கு, 10,000 கட்டிப் பழையதை ஓட்டுவதே இன்னும் லாபம்.

2024-இல் நான் மூன்றாம் தடவை பதிவு புதுப்பிக்கச் சோதனை மைதானத்துக்குப் போனேன். இந்த முறை இளவயது ஆய்வாளர். சேசிஸ் பிரிண்டைப் புக்கோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர். ஸ்டியரிங்கை ஒரு விரலால் அசைத்து முன் சக்கரத்தைப் பார்த்தார். கொஞ்ச தூரம் ஓட்டி, நான் எதிர்பார்க்காத இடத்தில் பிரேக் போடச் சொன்னார். நேராக நின்றது. இறங்கும்போது கியர் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டி ஃபோர் வீல் லீவர்களைக் காட்டி, “இது இப்பவும் வேலை செய்யுமா?” என்று கேட்டார். செய்யும் சார், போட்டுக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்து 2029.